மழையளவு: பூஜ்யம்

இந்த இடத்துக்கு அவலாஞ்சி என்று பெயர்.
எப்போதோ மலை சரிந்ததாம்.
பார்த்த வெள்ளைக்காரன்
தன் நாட்டுப் பக்கம் பனி சரிவதற்கு வைத்திருந்த சொல்லை
இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போனானாம்.
இங்கே பனி சரியாது.
தை மாதம் புல்மேல் உப்புப்போல் உட்காரும்,
ஒன்பது மணிக்கு எழுந்து போய்விடும்.
சரிவது மண்.

நான் மழை அளப்பவன். மின்வாரியச் சம்பளம்.
காலை எட்டரைக்குக் குவளையைத் தூக்கிக்
கண்மட்டத்தில் பிடித்து எழுதுவேன்.
திங்கள், இருநூற்றுப் பதினொன்று.
செவ்வாய், முந்நூற்று நாற்பது.
புதன் குவளை வழிந்துவிட்டது;
வழிந்ததற்குக் கணக்கு இல்லை.
எழுதாத இன்னொன்றும் உண்டு.
மேல்காற்றில் மழை படுத்துக்கொண்டு வரும்,
குவளையின் வாயைத் தாண்டிப் போய்விடும்.
அந்த மழையெல்லாம் எங்கே என்று
நிமிர்ந்து பார்த்தால்
மலை.

வியாழன் விடிந்தபோது சத்தமே இல்லை.
வெயில். அலசிக் காயப்போட்ட வெயில்.
மேல்பக்கம் கேரட் கழுவும் மெஷின் ஓட ஆரம்பித்தது.
பூஜ்யம் என்று எழுதிவிட்டு
வளைவுவரை நடந்தேன்.

சீகை மரங்கள் மூன்று
ரோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன.
மூன்று நாள் காற்று பிடித்து ஆட்டியதில்
வேர்கள் பால்பல் மாதிரி ஆகியிருந்தன.
நேற்றுவரை ஊற்றில்லாத இடத்தில் ஊற்று,
டீ நிறத்தில்.
அதற்கும் மேலே, தேயிலைக்கு நடுவே, ஒரு கீறல்.
தீக்குச்சியை விட்டேன், நின்றது.
பத்து மணிக்குப் பென்சில்.
மத்தியானம் என் கை, மணிக்கட்டுவரை.
உள்ளே ஃப்ரிட்ஜைத் திறந்ததுபோல் ஜில்லென்று இருந்தது.

ரோட்டின் குறுக்கே கயிறு கட்டினேன்.
பால் கேன் கட்டுகிற நைலான் கயிறு.
எனக்கு அதிகாரம் இல்லை;
நான் அளப்பவன், தடுப்பவன் அல்ல.

ஹாலன் லாரியை நிறுத்தி இறங்கினார்.
நாற்பது மூட்டை. கழுவிய கேரட் காத்திருக்காது.
“மழை பெய்யறப்பவே விழாதது
வெயில்ல விழுமாய்யா?”
நியாயமான கேள்விதான்.
மேலே நின்னுடுச்சு, உள்ளே நிக்கல, என்றேன்.
பாறைக்கும் மண்ணுக்கும் நடுவுல
தண்ணி இன்னும் நடந்துக்கிட்டிருக்கு, என்றேன்.
“நீ பாத்தியா?”
பார்க்கவில்லை.
கிளீனர் தேவசகாயம் சிரித்தான்.
“எத்தனை மணிக்கு விழும்னு சொல்லுங்க,
டீ குடிச்சிட்டு வந்துடறோம்.”

மேட்டுப்பாளையத்தில் விலை இறங்குவதைப்
போனில் கேட்டபடியே
ஹாலன் மூன்று மணிவரை நின்றார்.
மலையும் நின்றது.
எனக்கு (சொல்லக்கூடாது, சொல்கிறேன்)
ஒரு கூடை மண்ணாவது விழாதா என்றிருந்தது.

ஒரு கல் உருண்டு வந்தது.
தேங்காய் அளவுகூட இல்லை.
மூன்று பேரும் அதையே பார்த்தோம்.
ரோட்டுக்கு வந்து
இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.
தேவசகாயம் அதைக் காலால் ஓரம் தள்ளினான்.

லாரி பின்னாலேயே ஊர்ந்து திரும்பிப் போனது.
ராத்திரி இன்ஜினியர் போன் செய்தார்:
கயிறு கட்டச் சொன்னது யார்?

சனிக்கிழமை நானே அவிழ்த்தேன்.
பஸ் போகிறது. பள்ளிக்கூட ஜீப் போகிறது.
கறுத்த கேரட்டை மாட்டுக்குக் கொட்டினார்கள் என்று
கேள்விப்பட்டேன்.
ஹாலன் என்னைக் கடக்கும்போது பேசுவதில்லை,
ஹாரன் மட்டும்,
தேவைக்குமேல் நீளமாக.

எட்டரைக்குக் குவளையைத் தூக்குகிறேன்.
பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம்.
பிறகு வளைவுக்கு நடந்துபோய்க்
கீறலுக்குள் கை விடுகிறேன்.
இப்போது முழங்கைவரை போகிறது.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரமாக, பென்சிலில்
எழுதிவைக்கிறேன்.